வேலையைக் கொடுங்கள், சாவியைக் கொடுக்காதீர்கள்

சங்கத்தில் பொங்கல் விழா முடிந்து பந்தியில் உட்கார்ந்திருந்தபோது, பக்கத்து இலையில் இருந்த நண்பர் ஒரு கேள்வி கேட்டார். செம்பூரில் இட்லி மாவு அரைத்துக் கடைகளுக்குப் போடும் தொழில் செய்பவர் அவர். ஒரே ஒரு கிரைண்டரோடு தொடங்கியவரிடம் இன்று இரண்டு வண்டிகளும் ஆறு கம்ப்யூட்டர்களும் இருக்கின்றன. "அண்ணாச்சி, இந்தக் கம்ப்யூட்டரையெல்லாம் பார்த்துக்கொள்ளச் சம்பளத்துக்கு ஓர் ஆளை வைக்கலாமா, இல்லை வெளியே ஒரு கம்பெனியிடம் விட்டுவிடலாமா? நீங்கள்தான் இதில் பட்டவர் ஆயிற்றே!" என்றார்.

"பட்டவர்" என்ற சொல்லைக் கேட்டு எதிர்ப் பந்தியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்புதான் வந்தது. ஆனால் ரசம் வருவதற்குள் சொல்லி முடிக்கிற பதிலாக அது இல்லை. நம் மும்பைத் தமிழர்களில் சிறிய கடை, சிறிய பட்டறை, சிறிய ஏஜென்சி என்று தொடங்கி இன்று ஓரளவு வளர்ந்து நிற்கும் எத்தனையோ குடும்பங்களுக்கு இதே கேள்வி இருக்கிறது. ஆகவே ஆசிரியர் குழுவிடம் இரண்டு மூன்று பக்கம் கேட்டு வாங்கி இதை எழுதுகிறேன். நான் கம்ப்யூட்டர் படித்தவன் அல்லன். அட்டைப் பெட்டி வியாபாரி. அந்த அளவில் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

நனைந்த பேரேடு

என் தகப்பனார் 1971இல் திருநெல்வேலிச் சீமையிலிருந்து ரயிலேறி வந்தவர். தாராவியில் பழைய அட்டைப் பெட்டிகளை வாங்கிச் சீர்செய்து விற்றார். பிறகு புதுப் பெட்டி, பிறகு ஒட்டும் டேப், நுரைத் தாள் என்று கட்டுமானச் சாமான்கள் அனைத்தும் சேர்ந்தன. கணக்கெல்லாம் சிவப்புத் துணி போட்ட பேரேட்டில்தான்.

2005 ஜூலை 26ஆம் தேதியை மும்பைவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. எங்கள் கடைக்குள் இடுப்பளவு தண்ணீர். சரக்கு போனதைவிடக் கணக்கு போனதுதான் தகப்பனாரை உட்கார வைத்தது. மை கரைந்து நீலமாகிப்போன பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஏலே, கணக்கு நனைஞ்சா கடையே நனைஞ்ச மாதிரி. இனிமே அந்தப் பொட்டியிலயே ஏத்து" என்றார். அடுத்த ஆண்டு ஒரு கம்ப்யூட்டரும் டாலியும் வந்தன. கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டால் கணக்கு நனையாது என்று நானும் நம்பினேன்.

ஒரு கம்ப்யூட்டர் இருந்தவரை தொல்லை இல்லை. அது கெட்டால் லாமிங்டன் ரோட்டுக்குக் கொண்டுபோவோம், மாலையில் திரும்பி வரும். அதுவரை பில்லைக் கையால் எழுதுவோம். பிவண்டியில் குடோன் போட்ட பிறகு அங்கே மூன்று, இங்கே ஆறு என்று ஒன்பது ஆயின. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது. 2018 ஏப்ரலில் மாநில எல்லை தாண்டும் சரக்குக்கு இ-வே பில் வந்தது. 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கை அந்த எண் இல்லாமல் லாரியில் ஏற்றி அனுப்ப முடியாது. 2023 ஆகஸ்டிலிருந்து ஆண்டு விற்பனை 5 கோடியைத் தாண்டிய வியாபாரிகள் இன்னொரு வியாபாரிக்குப் போடும் பில்லை அரசின் தளத்தில் பதிந்து எண் வாங்கியாக வேண்டும். முன்பு கம்ப்யூட்டர் நின்றால் கையால் எழுதிச் சமாளித்தோம். இப்போது கம்ப்யூட்டர் நின்றால் லாரி நிற்கிறது. அப்படியிருந்தும் அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை, அது பொழுதுபோக்குச் சாமானாக இருந்த காலத்தில் யாரிடம் விட்டோமோ அவரிடமே விட்டு வைத்திருக்கிறோம். என் வீட்டிலும் அதுதான் நடந்தது.

நம்ம பையன்

என் மனைவியின் அண்ணன் மகன் கெட்டிக்காரன். கல்லூரியில் படிக்கும் காலத்திலிருந்தே கடைக்கு வந்து போவான். "நான் பாத்துக்கிடுதேன் மாமா" என்பான், பார்த்துக்கொண்டும் இருந்தான். எந்த வேலைக்கும் அவன் காசு வாங்கியதில்லை, நானும் கொடுத்ததில்லை. தீபாவளிக்குத் துணி எடுத்துக் கொடுப்பேன், அத்தை கையால் ஒரு வேளைச் சாப்பாடு. ஜி.எஸ்.டி. பதிவு செய்தபோது படிவத்தில் செல்போன் எண் கேட்டிருக்கிறது. அவசரத்துக்குத் தன் எண்ணைப் போட்டிருக்கிறான். எங்கள் கடைப் பெயரில் இணைய முகவரி வாங்கியதும் அவன்தான். எல்லா பாஸ்வேர்டும் அவன் மூளையில் இருந்தன.

2020இல் அவனுக்குக் கனடாவில் வேலை கிடைத்தது. போகிற அவசரத்தில், "அங்கயிருந்தே பாத்துக்கிடலாம் மாமா" என்று சொல்லி, தூரத்திலிருந்தே எங்கள் சர்வருக்குள் நுழைய ஒரு வழியைத் திறந்து வைத்துவிட்டுப் போனான். நானும் மகிழ்ந்தேன்.

2021 நவம்பர் 8, திங்கட்கிழமை. தீபாவளி விடுமுறை முடிந்து அன்றுதான் கடை முழுமையாகத் திறந்தோம். கணக்கர் வந்து, "சேட், டாலி திறக்கவில்லை" என்றார். போய்ப் பார்த்தால் ஒவ்வொரு கோப்பின் பெயருக்குப் பின்னும் ஏதோ புரியாத வால் ஒட்டியிருக்கிறது. நடுவில் ஆங்கிலத்தில் ஒரு கடிதம்: உங்கள் கோப்புகளைப் பூட்டிவிட்டோம், சாவி வேண்டுமானால் பிட்காயினில் பணம் அனுப்புங்கள் என்று. பையன் தனக்காகத் திறந்து வைத்த அதே வழியில் எவனோ நுழைந்திருக்கிறான். பாஸ்வேர்டு கடையின் பெயரும் 123ம் தான். விண்டோஸும் காசு கொடுத்து வாங்கியதல்ல என்பதால் புதுப்பிக்கப்படாமலே கிடந்தது.

பேக்கப் இருக்கிறதே என்று ஆறுதலடைந்தேன். தனி ஹார்டு டிஸ்க் வாங்கி வைத்திருந்தோம். ஆனால் அது ஆண்டு முழுவதும் அந்த சர்வரிலேயே செருகியபடி இருந்தது. சர்வரைப் பூட்டியவன் அதையும் பூட்டிவிட்டான். பெட்டியின் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்த கதை.

பிவண்டியில் சூரத்துக்குப் போக வேண்டிய மூன்று லாரிகள் சரக்கு ஏற்றி நிற்கின்றன. வேறு கம்ப்யூட்டரில் இ-வே பில் எடுக்கலாம் என்றால் அதன் பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது. மறந்துவிட்டது என்று அழுத்தினால் புதியது கனடாவிலிருக்கும் பையனின் இந்திய எண்ணுக்குப் போகிறது. அந்த சிம் அங்கே ஏதோ மேசை இழுப்பறையில் கிடக்கிறது. இங்கே காலை 10 மணி, அங்கே முந்தின இரவு 11.30. பாவம், தூக்கத்தில் எழுந்து அவனும் பதறினான். லாரிகள் கிளம்ப மறுநாள் மாலையாயிற்று.

பணம் கட்டவில்லை. கட்டினாலும் சாவி கிடைக்கும் என்பதற்கு என்ன உறுதி? ஆடிட்டர் அலுவலகத்தில் செப்டம்பர் வரைக்குமான டாலி நகல் இருந்தது. மீதியை அச்சடித்த பில்களையும் ஜி.எஸ்.டி. தளத்தில் இருந்த விவரங்களையும் வைத்து இரண்டு பேர் 17 நாள் உட்கார்ந்து ஏற்றினார்கள். ஆனால் கைமாற்றாகக் கொடுத்த சரக்கு, பாதி வரவு, திரும்பி வந்த பெட்டி போன்றவை எந்தத் தளத்திலும் இல்லை. இரண்டு வாடிக்கையாளர்கள் தாங்களே போன் செய்து, "எங்கள் பாக்கி இவ்வளவு, எழுதிக்கொள்ளுங்கள்" என்றார்கள். அவர்கள் நன்றாக இருக்க வேண்டும். மற்றவர்கள் பேசாமல் இருந்துவிட்டார்கள். ஏறத்தாழ 4 லட்சத்து 30 ஆயிரம் ரூபாய் வராமலே போயிற்று.

அதைவிடப் பெரிய நஷ்டம் வீட்டில். கோபத்தில் மைத்துனரிடம் இரண்டு வார்த்தை கூடுதலாகப் பேசிவிட்டேன். "என் பையன் பத்து வருஷம் இனாமா உழைச்சானே, அப்ப இந்த வாய் எங்கே போச்சு?" என்று அவர் கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. என் மனைவி ஓராண்டுக்கு மேல் பிறந்த வீட்டு விசேஷம் எதற்கும் தலைநிமிர்ந்து போக முடியாமல் இருந்தாள்.

யோசித்துப் பார்க்கும்போது அவர் கேட்டது நியாயம்தான். மூட்டை தூக்குபவருக்குக் கூலி கொடுக்கிறேன், கணக்கருக்குச் சம்பளம் கொடுக்கிறேன். கடையின் உயிரையே பார்த்துக்கொள்பவனுக்கு மட்டும் ஒரு சட்டைத் துணி. கூலி கொடுக்காத இடத்தில் கேள்வி கேட்க முடியாது. பத்து ஆண்டில் ஒரு நாள்கூட "பேக்கப் எங்கே இருக்கிறது, எடுத்துக் காட்டு" என்று நான் கேட்கவில்லை. தவறு அவனுடையது அல்ல, என்னுடையது.

அக்கரைப் பச்சை

சூடு கண்ட பூனையாக அடுத்த ஆண்டு எதிர்ப்பக்கம் ஓடினேன். இதையே தொழிலாகச் செய்யும் ஒரு கம்பெனியிடம் எல்லாவற்றையும் ஒப்படைத்தேன். பெயர் வேண்டாம். மாதம் 14,000 ரூபாய், வரி தனி. பெரிய புத்தகம்போல ஓர் ஒப்பந்தம் தந்தார்கள். கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். முதல் ஆண்டு அருமை. நல்ல விண்டோஸ் வந்தது, ஆன்ட்டி வைரஸ் வந்தது, பேக்கப் தினமும் இரவில் தானாக எங்கோ போயிற்று. நிம்மதியாகத் தூங்கினேன்.

இரண்டாம் ஆண்டு அவர்களுக்குப் பெரிய வாடிக்கையாளர்கள் கிடைத்தார்கள் போலும். காலையில் சொன்ன புகாருக்கு மறுநாள் ஆள் வந்தார். சரி, வேறு இடம் பார்ப்போம் என்று சொன்னபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. எங்கள் இணைய முகவரி அவர்கள் பெயரில் புதுப்பிக்கப்பட்டிருந்தது. மின்னஞ்சலின் தலைமைப் பாஸ்வேர்டு அவர்களிடம். பேக்கப் அவர்கள் கணக்கில். பழைய பாக்கி என்று ஒரு தொகையைச் சொல்லி, அதைத் தீர்த்தால்தான் எல்லாம் கிடைக்கும் என்றார்கள். ஒப்பந்தத்தைப் புரட்டினால், விலகும்போது எதை, எத்தனை நாளில் திருப்பித் தர வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை. 43 நாள் இழுத்தது. கடைசியில் கேட்ட பணத்தைக் கொடுத்துத்தான் மீண்டேன்.

முதலில் சாவியெல்லாம் உறவுக்காரப் பையனிடம், பிறகு அதே சாவியெல்லாம் அந்நியரிடம். இரண்டு தடவையும் என் கையில் ஒன்றும் இல்லை.

அப்படியானால் வெளியே கொடுக்கவே கூடாதா?

கொடுக்க வேண்டும் என்பதே இன்றும் என் அபிப்ராயம். ஏன் என்று சொல்கிறேன்.

ஒன்பது கம்ப்யூட்டருக்குத் தனி ஆள் வைத்தால், வாரத்தில் நான்கு நாள் அவருக்கு வேலை இருக்காது. ஐந்தாம் நாள் வரும் வேலை அவருக்குத் தெரிந்ததாக இருக்காது. பிரின்டர் ரிப்பேர் தெரிந்தவருக்கு சர்வர் தெரியாது. சர்வர் தெரிந்தவர் நாம் கொடுக்கும் சம்பளத்துக்கு வர மாட்டார். கொஞ்சம் கற்றுக்கொண்டதும் அந்தேரியிலோ புனேயிலோ நல்ல வேலை கிடைத்துப் போய்விடுவார். போக வேண்டியதுதான் முறை. அவரோடு அவர் மூளையில் இருந்ததும் போய்விடும். ஒரு கம்பெனியில் ஒருவர் லீவு போட்டால் இன்னொருவர் வருவார். பத்துப் பதினைந்து கடைகள் சேர்ந்து ஒரு நல்ல நிபுணரின் சம்பளத்தைப் பங்கிட்டுக் கொள்வதாக வைத்துக்கொள்ளுங்களேன்.

பெரியவர்களே இதைத்தான் செய்தார்கள். அமெரிக்காவின் கோடாக் கம்பெனி 1989இல் தன் கம்ப்யூட்டர் நிலையங்களை ஐ.பி.எம்.மிடம் ஒப்படைத்தது. நம் நாட்டில் பாரதி ஏர்டெல் 2004இல் தன் கம்ப்யூட்டர் நிர்வாகத்தைப் பத்தாண்டு ஒப்பந்தத்தில் அதே ஐ.பி.எம்.மிடம் கொடுத்தது. வாடிக்கையாளரைப் பிடிப்பது தன் வேலை, சர்வரைப் பராமரிப்பது அதைத் தெரிந்தவர் வேலை என்பது அவர்கள் கணக்கு.

இவ்வளவு தூரம் போவானேன்? நம் சங்க உறுப்பினர் குடும்பங்களையே பாருங்கள். சென்னையிலோ பெங்களூரிலோ டொரன்டோவிலோ கம்ப்யூட்டர் கம்பெனியில் ஒரு பிள்ளை இல்லாத வீடு அபூர்வம். அந்தப் பிள்ளைகளில் பலர் செய்வது என்ன? ஏதோ ஒரு தேசத்து வங்கியின் சர்வரை இரவு முழுவதும் கண்விழித்துப் பார்த்துக்கொள்வது. உலகமே நம் பிள்ளைகளிடம் இந்த வேலையை வெளியே கொடுக்கிறது. ஆனால் எப்படிக் கொடுக்கிறது என்று அவர்களைக் கேட்டுப் பாருங்கள். எத்தனை நிமிடத்தில் பதில் சொல்ல வேண்டும், தவறினால் எவ்வளவு பிடித்தம், யார் எந்த அறைக்குள் நுழையலாம், ஒப்பந்தம் முடிந்தால் எதை எப்படி ஒப்படைக்க வேண்டும் என்று பக்கம் பக்கமாக எழுதி வாங்குகிறார்கள். மகன் அங்கே அத்தனை கட்டுப்பாட்டில் வேலை செய்கிறான். தகப்பன் இங்கே வாய்வார்த்தையில் கடையை ஒப்படைக்கிறார்.

பொறுப்பு மட்டும் நம்முடையது

வேலையை வெளியே கொடுத்துவிட்டால் பொறுப்பும் போய்விடும் என்று நினைப்பது பெரிய ஏமாற்றம். 2024 ஜூலை 31ஆம் தேதி நடந்ததை நினைவுபடுத்துகிறேன். சி-எட்ஜ் டெக்னாலஜீஸ் என்ற நிறுவனம் சிறு வங்கிகள் பலவற்றுக்குக் கம்ப்யூட்டர் சேவை கொடுப்பது. ஸ்டேட் பாங்கும் டி.சி.எஸ்.ஸும் சேர்ந்து நடத்துவது. அங்கே இதே மாதிரிப் பூட்டுத் தாக்குதல் நடந்தது. தொற்று பரவாமலிருக்க என்.பி.சி.ஐ. அந்நிறுவனத்தைப் பணப்பரிமாற்ற வலையிலிருந்து தற்காலிகமாகத் துண்டித்தது. அதைச் சார்ந்திருந்த சுமார் 300 கூட்டுறவு, கிராமிய வங்கிகளின் பரிமாற்றம் நின்றது. மறுநாள் சரியாகிவிட்டது என்றாலும், அன்று கவுன்ட்டரில் வாடிக்கையாளர் சத்தம் போட்டது அந்தச் சிறு வங்கி ஊழியரிடம்தான். சி-எட்ஜ் என்ற பெயரையே அவர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்.

சட்டமும் அப்படியே சொல்கிறது. 2023இல் தனிநபர் தகவல் பாதுகாப்புக்கென்று ஒரு சட்டம் நிறைவேறியது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் தரப்பட்டது. வாடிக்கையாளரின் பெயர், எண், விலாசம் ஆகியவற்றை நமக்காக வெளியார் வைத்திருந்து கைநழுவ விட்டாலும் பொறுப்பு நம்முடையதே என்பது அச்சட்டம். வெளியாரிடம் கொடுப்பதானால் முறையான ஒப்பந்தம் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. பாதுகாப்பில் தவறினால் அபராதம் 250 கோடி வரை போகலாம். நம் போன்ற சிறியவர்மேல் அவ்வளவு விழாது என்று வைத்துக்கொண்டாலும், "அவன்தான் பார்த்தான், எனக்குத் தெரியாது" என்ற பதில் செல்லாது.

எந்தச் சாவி நம் இடுப்பில்?

நம் பாட்டிமார் சமையலுக்கு ஆள் வைத்திருந்தாலும் உக்கிராணக் கொத்துச்சாவியை இடுப்பிலிருந்து எடுக்க மாட்டார்கள். அந்தக் கணக்குதான் இங்கேயும். என் அனுபவத்தில், வேலை யாரிடம் இருந்தாலும் இந்தச் சாவிகள் முதலாளி கையில் இருக்க வேண்டும்:

முதலாவது, கடையின் இணைய முகவரி. அது கடையின் பெயரில், கடையின் பணத்தில், கடையின் மின்னஞ்சலில் பதிவாகியிருக்க வேண்டும். டாலி, விண்டோஸ் உரிமங்களும் அப்படியே.

இரண்டாவது, ஓ.டி.பி. வரும் எண். கடைக்கென்று ஒரு சிம், கடையை விட்டு வெளியே போகாத ஒரு சாதாரண போன். ஜி.எஸ்.டி., இ-வே பில், மின்னஞ்சல் எல்லாம் அந்த எண்ணில். வங்கிக்கு முதலாளியின் சொந்த எண். அதில் வெளியாருக்கு எந்த வேலையும் இல்லை.

மூன்றாவது, தலைமைப் பாஸ்வேர்டுகள். பராமரிப்பவருக்கு அவர் பெயரில் தனிப் பாஸ்வேர்டு கொடுங்கள். அவர் விலகினால் அதை மட்டும் ரத்து செய்யலாம். எல்லாவற்றையும் திறக்கும் பாஸ்வேர்டைக் காகிதத்தில் எழுதி, உறையிலிட்டு, பீரோவில் நகையோடு வையுங்கள். அது இருக்கும் இடம் மனைவிக்கோ மகளுக்கோ தெரிந்திருக்கட்டும். நாமும் நிரந்தரம் இல்லை.

நான்காவது, பேக்கப். மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறிடத்தில் என்பது விஷயம் தெரிந்தவர்கள் சொல்லும் விதி. அதில் ஒன்றாவது எந்தக் கம்ப்யூட்டரோடும் இணையாமல் இருக்க வேண்டும். 2017 ஜூன் 27ஆம் தேதி மேர்ஸ்க் என்ற மாபெரும் கப்பல் கம்பெனியின் கம்ப்யூட்டர்கள் உலகம் முழுக்க முடங்கியபோது, நம் நவசேவா துறைமுகத்தில் அக்கம்பெனிக் குழுமம் நடத்தும் முனையமும் நின்றது. எங்கள் பெட்டிகளில் கட்டிய ஏற்றுமதிச் சரக்கும் அந்த வரிசையில் சிக்கியது. அக்கம்பெனிக்கு 20 முதல் 30 கோடி டாலர் நஷ்டம் என்று அவர்களே கணக்குச் சொன்னார்கள். அவர்கள் மீண்டது எப்படித் தெரியுமா? வலையமைப்பின் மூலப் பதிவேட்டைக் காக்கும் சர்வர்கள் எங்கும் அழிந்துவிட, ஆப்பிரிக்காவில் கானா அலுவலகத்தில் மட்டும் கரண்ட் போனதால் ஒரு சர்வர் அணைந்து கிடந்தது. அதிலிருந்த நகல்தான் பிழைத்தது. நாம் மின்தடையை நம்ப வேண்டாம். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒரு டிஸ்க்கில் நகலெடுத்து, கழற்றி, வீட்டுக்குக் கொண்டுபோனால் போதும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, "இதிலிருந்து போன மாதக் கணக்கை எடுத்துக் காட்டுங்கள்" என்று பராமரிப்பவரைக் கேளுங்கள். எடுத்துக் காட்டாத பேக்கப் இல்லாத பேக்கப்.

ஐந்தாவது, ஒப்பந்தம். பக்கம் பெரிதாக இருக்க வேண்டாம். எந்தப் பழுதுக்கு எத்தனை மணி நேரத்தில் ஆள் வருவார், மாதக் கட்டணத்தில் எவை அடங்கும், எவை அடங்கா, விலகினால் எதை எத்தனை நாளில் ஒப்படைக்க வேண்டும் என்ற வரிகள் இருந்தால் போதும். பணத் தகராறு இருந்தாலும் தகவலைப் பிடித்துவைக்கக் கூடாது என்று கட்டாயம் எழுதுங்கள். எனக்கு இந்த ஒரு வரி இல்லாததால்தான் 43 நாள்.

கூடவே ஒரு நாற்பது பக்க நோட்டில் எல்லாக் கம்ப்யூட்டர்களின் பட்டியலையும் எழுதி வையுங்கள். எது எப்போது வாங்கியது, அதில் எந்த விண்டோஸ் என்று. பழைய விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் தரும் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. உங்கள் கடையில் அது எத்தனை இருக்கிறது என்று பராமரிப்பவரைக் கேளுங்கள். உடனே எண்ணிச் சொன்னால் நல்ல ஆள்.

எப்போது வெளியே கொடுப்பது என்றும் கேட்கிறார்கள். இரண்டு கம்ப்யூட்டர் கடைக்கு இது வேண்டாம். கூப்பிட்டால் வரும் மெக்கானிக்கும் வெள்ளிக்கிழமை டிஸ்க்கும் போதும். கம்ப்யூட்டர் ஒரு நாள் நின்றால் வரும் நஷ்டம் ஒரு மாதப் பராமரிப்புக் கட்டணத்தைத் தாண்டுகிறதா என்று கணக்குப் போடுங்கள். தாண்டினால் காலம் வந்துவிட்டது.

உறவும் காகிதமும்

நம்மில் சிலர் நினைக்கலாம்: ஊர்விட்டு ஊர் வந்த நாம் ஒருவரையொருவர் நம்பித்தானே பிழைத்தோம், அறை கொடுத்ததும் வேலை சொல்லிவிட்டதும் சீட்டுப் பிடித்ததும் வாய்வார்த்தையில்தானே, நம்ம பையனிடம் காகிதம் நீட்டுவதா என்று. நானும் அப்படித்தான் கூசினேன். அந்தக் கூச்சத்தின் விலை என்ன என்பதை மேலே எழுதிவிட்டேன். காகிதம் இருந்திருந்தால் அவனுக்கு நியாயமான கூலி போயிருக்கும், கனடா போகுமுன் சாவிகள் கைமாறியிருக்கும், மைத்துனர் வீட்டுக் கதவும் ஓராண்டு மூடியிருக்காது. உறவுக்காரப் பையன் இந்தத் தொழில் நடத்தினால் தாராளமாக அவனிடமே கொடுங்கள். அந்நியருக்குக் கொடுக்கும் அதே கட்டணமும் அதே காகிதமும் அவனுக்கும் இருக்கட்டும்.

2023இல் என் மகள் கல்யாணத்துக்கு மைத்துனர் குடும்பத்தோடு வந்தார். பையனும் கனடாவிலிருந்து வந்தான். பந்தி முடிந்ததும் என் அருகில் வந்து உட்கார்ந்து, "மாமா, இப்ப யாரு பாக்காங்க?" என்று கேட்டான். இரண்டாவது கம்பெனியுடன் நடந்ததைச் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டான். அன்றிரவே உட்கார்ந்து, புதிய பராமரிப்பாளரிடம் கேட்க வேண்டிய கேள்விகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தான். மேலே நான் கொடுத்த பட்டியலில் பாதி அவன் கையெழுத்தில் இருப்பதுதான். இப்போது பார்க்கும் கம்பெனிக்கு மாதம் 16,000 கொடுக்கிறேன். சாவிகள் என் வீட்டு பீரோவில்.

நம் சங்கத்துக்கு ஒரு யோசனை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையை இதற்கென்று ஒதுக்கலாம். உறுப்பினர் குடும்பங்களில் இத்துறையில் இருக்கும் பிள்ளைகள் இரண்டு மணி நேரம் வந்தால் போதும். நம் கம்ப்யூட்டரை அவர்கள் ரிப்பேர் செய்ய வேண்டாம். நம் ஒப்பந்தத் தாளை வாசித்து, எந்த வரி குறைகிறது என்று சொல்லட்டும். பத்துப் பன்னிரண்டு கடைகள் ஒன்றாகச் சேர்ந்து பேசினால் கட்டணமும் குறையும், பராமரிப்பவருக்கும் நம்மேல் மதிப்பு வரும். செயற்குழு இதைப் பரிசீலிக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.

மாவுக் கடை நண்பருக்கு அன்றைக்கு நான் சொன்ன பதில் பாயசத்தோடு கரைந்து போயிருக்கும். இதைப் படித்துவிட்டு இன்றிரவு ஒரே ஒரு காரியம் செய்யச் சொல்வேன்: உங்கள் கடையின் இணைய முகவரி யார் பெயரில் இருக்கிறது, ஓ.டி.பி. யார் போனுக்குப் போகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உடனே பதில் வந்தால் நிம்மதியாகத் தூங்குங்கள். "பையன்கிட்ட கேக்கணும்" என்று பதில் வந்தால், பையன் ஊரில் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.